சொடக்கு விழுந்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதா?

முதுகு, கழுத்து எலும்புகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை வீடியோக்களில் ஆளை இழுப்பதே அந்த 'டக்' சத்தம்தான். விலகிய எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று கீழே ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். உண்மையில் மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயு இடைவெளி உண்டாகும் சத்தம் அது. விரலில் சொடக்கு எடுத்துவிட்டு அதே விரலை உடனே இழுத்துப் பாருங்கள், வராது. சுமார் 20 நிமிடம் கழித்து மறுபடி வரும். அதற்குள் எலும்பு ஒன்றும் விலகிவிடவில்லையே!

1895-ல் அமெரிக்காவில் டி.டி. பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்புதான் காரணம் என்றார். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆஸ்துமா, காதில் சீழ், குழந்தையின் ஓயாத அழுகை இவற்றுக்கெல்லாம் முதுகை அழுத்துவது பலன் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

கீழ்முதுகு வலிக்கு ஓரளவு உதவும், மறுக்கவில்லை. அதுவும் உடற்பயிற்சி, பிசியோதெரபி தரும் பலனை ஒட்டியதுதான். புதிதாகப் பிடித்துக்கொண்ட வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். பெயர் மட்டும் கடைசியாகக் கை வைத்தவருக்குப் போய்விடுகிறது. நாலைந்து முறை போயும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். முதல் நாளே 30, 40 அமர்வுக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் உட்காரவே வேண்டாம்.

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), புற்றுநோய் வரலாறு, காய்ச்சலோடு முதுகுவலி, காலில் பலம் குறைவது இருந்தால் முதலில் மருத்துவர். சிறுநீர் அடைத்துக்கொண்டு, தொடை இடுக்கிலும் மலவாயைச் சுற்றிலும் மரத்துப்போனால் அன்றைக்கே அவசரப் பிரிவு. அது முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதாக இருக்கலாம்.

கழுத்தைச் சட்டென்று திருப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையைத் திருப்பும்போது அந்த வளைவுதான் இழுபடும். உள்சுவர் கிழிந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் கழுத்துவலிக்கு ஆபத்தில்லாத வழிகள் இருக்கும்போது எதற்கு இந்தச் சூதாட்டம்? ஏற்கெனவே செய்துகொண்டவர்கள், அடுத்த சில நாளில் இதுவரை இல்லாத தலைவலி, கழுத்துவலி, தலைசுற்றல், நாக்குழறல், இரட்டைப் பார்வை வந்தால் படுத்துத் தூங்கிவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், கழுத்தைத் திருப்பினார்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.