வங்கி ரசீது ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறதா?

1992 பங்குச்சந்தை ஊழலைக் காட்டும் தொடரில், வங்கி ரசீது வரும் அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் பலர் இப்படி எழுதுகிறார்கள்: "வங்கி ரசீது என்பதே போலிக் காகிதம். அதே வழியில் இன்றும் வங்கிப் பணத்தை உருவலாம்." இரண்டுமே தவறு.

வங்கி ரசீது அன்று வழக்கத்தில் இருந்த ஆவணம். அரசுப் பத்திரத்தை, அதாவது அரசு கடன் வாங்கும்போது தரும் பத்திரத்தை, விற்ற வங்கி, "பணம் வந்துவிட்டது, பத்திரம் பிறகு வரும்" என்று வாங்கிய வங்கிக்கு எழுதித் தருவது. ரிசர்வ் வங்கியின் பொதுக்கடன் அலுவலகம் பத்திரக் கணக்கைக் கையால் எழுதியதால் பத்திரம் பெயர் மாறத் தாமதமாகும். அந்த இடைவெளியை நிரப்பவே ரசீது. கையில் பத்திரமே இல்லாமல் ரசீது எழுதியதுதான் மோசடி. பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி இரண்டும் அப்படி எழுதின. இன்னொரு கோளாறை அத்தியாயம் பார்த்தவர்கள் அதிகம் கவனிப்பதில்லை, அதுதான் முக்கியம்: வங்கியின் பெயருக்கு வந்த காசோலை, இடையில் நின்ற பங்குத் தரகரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பணம் பங்குச்சந்தைக்குள் போன கதவு அதுவே.

இன்று அந்தக் காகிதத்துக்கு வேலையில்லை. 2002 பிப்ரவரியில் அரசுப் பத்திரங்களுக்கான ரிசர்வ் வங்கியின் மின்னணு வணிக முறையும், சிசிஐஎல் என்ற நிறுவனம் அந்த விற்பனைகளின் கணக்கைத் தீர்க்கும் முறையும் தொடங்கின. பத்திரமும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறும். கணக்கில் பத்திரம் இல்லையென்றால் பணம் நகராது. வங்கி மோசடிகள் இப்போதும் நடக்கின்றன, ஆனால் இந்த வழியில் அல்ல.