ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு மைலேஜ் கேட்கலாமா?

"ஒரு கோடி ரூபா குடுத்து வண்டி எடுக்கறவன் மைலேஜைப் பத்திக் கவலைப்படுவானா?" இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த விலையில் வண்டி எடுக்காதவர்கள். எடுத்தவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். நூல் விலை கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏறினால் ராத்திரி தூக்கம் வராத திருப்பூர்க்காரர், தன் வண்டி லிட்டருக்கு எத்தனை ஓடுகிறது என்று பார்க்காமல் இருப்பாரா? அந்தக் குணத்தால்தானே கோடி சேர்ந்தது.

கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் புது வண்டி எடுக்கிறவருக்கு அது அஞ்சாவது ஆறாவதாக வர வேண்டிய கேள்வி. செகண்ட் ஹேண்ட் எடுக்கிறவருக்கு அதுவே ரெண்டாவது கேள்வி. நம் ஊரில் இது அப்படியே தலைகீழாக நடக்கிறது. புதுசு எடுக்கிறவர் ஷோரூமில் மைலேஜைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். பழசு எடுக்கிறவர் "எல்லாம் பாத்துக்கலாம்ண்ணா" என்று டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்.

ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அதனால் கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். ஒருவகையில் நம் ஊர் வண்டி. 2007-லிருந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை ஓடுகிறது, எக்ஸ்5 அங்கேதான் அசெம்பிள் ஆகிறது. போர்ஷே கயென் மாதிரி முழுசாகக் கப்பலில் வந்து இறங்கும் வண்டிகளுக்கு இருக்கிற சுங்க வரிச் சுமை இதற்கு அந்த அளவு இல்லை. எக்ஸ்டிரைவ்40ஐ மாடலில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின், 381 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.4 நொடி. எடை 2 டன்னுக்கு மேல். விலை கணக்குக்கு வசதியாக 1 கோடி, எக்ஸ்-ஷோரூம் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராமல்).

மைலேஜுக்கு கம்பெனி காகிதத்தில் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள். அந்தச் சோதனை லேபில் உருளை மேல் வண்டியை நிறுத்தி நடப்பது. அதிகபட்ச வேகமே 90, ஏசியும் கிடையாது. மே மாசம் கோவை அவினாசி ரோட்டில் ஏசி போடாமல் எக்ஸ்5 ஓட்டுகிற ஆள் யாரும் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நேரில் வந்து மாலை போடுகிறேன். ஊருக்குள் ஆறேழு, ஹைவேயில் பத்து, சராசரி 8 என்று வைப்போம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர், அஞ்சு வருஷம்.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்றால் அஞ்சு வருஷத்துக்கு 6,250 லிட்டர், ஆறே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய்.

அடுத்தது தேய்மானம். இன்சூரன்ஸ்காரர்கள் ஐடிவி (வண்டியின் அப்போதைய மதிப்பு) போடும் அட்டவணையில், நாலு வருஷம் தாண்டி அஞ்சுக்குள் இருக்கும் வண்டிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். மார்க்கெட் சில வண்டிகளுக்கு இன்னும் இரக்கமில்லாமல் கழிக்கும், அதை விடுவோம். 50 லட்சம் போச்சு. கிலோமீட்டருக்கு 100 ரூபாய்.

சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். ஆக 20 லட்சம், கிலோமீட்டருக்கு 40 ரூபாய். இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் என்று குறைத்தே போடுகிறேன். அது 15 ரூபாய். டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து அஞ்சு லட்சம் என்றால் இன்னொரு 10 ரூபாய்.

கூட்டினால் கிலோமீட்டருக்கு 177 ரூபாய் வருகிறது. லோன் வட்டி இதில் சேரவில்லை. பெட்ரோலின் பங்கு 7 சதவீதம். உங்கள் வண்டி 8-க்குப் பதில் 10 கொடுத்தாலும் அஞ்சு வருஷத்தில் மிச்சம் ஒன்றே கால் லட்சம். ஸ்பெஷல் பெயின்டுக்கும் பெரிய வீலுக்கும் "ஆகட்டும் போடுங்க" என்று ஒரே மூச்சில் தலையாட்டுகிற தொகை அது.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது இன்னொன்று. 2023-க்கு முன்னால் இதே வண்டிக்குச் சாலை வரி 15 சதவீதம். அது 20 ஆனதில் ஒரே நாளில் 5 லட்சம் கூடியது, அதாவது இந்த வண்டியின் நாலு வருஷப் பெட்ரோல். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. (திறக்காமல் சிலர் வரி குறைவான பாண்டிச்சேரியில் அட்ரஸ் தேடியது வேறு கதை.) பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் மட்டும் கார்ப்பரேட் சதி என்று பதிவு போடுகிறோம். பங்க்கில் காசு கை மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. தேய்மானம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

"கம்பெனி பேர்ல எடுத்தா எல்லாம் மிச்சம்தானுங்களே?" என்று எங்கள் ஆபீஸில் மாசம் ஒருத்தராவது கேட்கிறார். எல்லாம் மிச்சமில்லைங்க. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 சதவீதம். முன்னால் செஸ்ஸோடு சேர்த்து 50 இருந்தது. அது குறைந்தது நல்லதுதான். ஆனால் கட்டுகிற 40-க்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. கார் விற்பது, வாடகைக்கு ஓட்டுவது, டிரைவிங் ஸ்கூல் மாதிரி தொழில் என்றால் மட்டும்தான் உண்டு. பனியன் கம்பெனிக்குக் கிடைக்காது. வருமான வரியில் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே போகும் மதிப்பின் மேல். வீட்டு உபயோகமும் இருந்தால் அதிலும் ஒரு பகுதியை வரி அதிகாரி ஏற்காமல் போகலாம். வரிக்காக மட்டும் வண்டி எடுக்கிறவரைப் பார்த்தால், கட்ட வேண்டிய முப்பது ரூபாயை மிச்சம் பிடிக்க நூறு ரூபாய் செலவு செய்கிறாரே என்றுதான் தோன்றும்.

செகண்ட் ஹேண்டில்தான் கதையே மாறுகிறது. எட்டு வருஷ வண்டி 25 லட்சத்துக்கு வருகிறது. டாப் மாடல் கிரெட்டா ரோட்டுக்கு வரும் விலை. நாலு வருஷம் ஓட்டி 12 லட்சத்துக்கு விற்றால் நஷ்டம் 13 லட்சம். 40,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் முப்பத்து ரெண்டு ரூபாய். 100 எங்கே, 32 எங்கே? இந்த இடத்தில்தான் பெட்ரோலின் பன்னிரண்டரை ரூபாய் உறைக்க ஆரம்பிக்கும். கிரெட்டா வாங்கும் வருமானத்தில் இருப்பவருக்கு மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலே பெட்ரோல் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். அதோடு ரிப்பேர். வண்டியின் விலை கால்வாசி ஆகியிருக்கும், ஸ்பேரின் விலை கால்வாசி ஆகாது. ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பை) ஒரு பக்கம் இறங்கி நின்றால் அது இன்றைக்கும் கோடி ரூபாய் வண்டியின் பில்தான். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான். யானை சல்லிசாகக் கிடைத்தது என்பதற்காக அது தின்பது குறையாது.

டயரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எக்ஸ்5-இல் 21 அங்குல வீல் போட்டதில் முன்னால் 275/40, பின்னால் 315/35 என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும். முன்னும் பின்னும் அளவு வேறு. அதனால் நம் மாருதியில் செய்கிற மாதிரி முன்டயரைப் பின்னால் போட்டு ஆயுளை இழுக்கிற வேலை நடக்காது. தேய்ந்தால் ஜோடியாக மாற்றியே ஆக வேண்டும். அதிலும் பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் என்றால் விலையைக் கேட்டுவிட்டு ஒரு டீ குடிக்க வேண்டியிருக்கும். இந்த அகலமும் மைலேஜைத் தின்கிற ஒரு வாய்தான்.

எண்ணெயைத் தின்பது இன்ஜின் மட்டும் என்று நினைக்கிறோம். பாதி நம் ரோடும் நம் காலும். போன மாசம் மச்சானின் வண்டியில் கோல்ட்வின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வந்தோம். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் வழியாக. (மோட்டார் மேல் பைத்தியமாக இருந்த மனிதர் பெயரை ஒரு மேம்பாலத்துக்கு வைத்தது பொருத்தம்.) டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணிவிட்டு ஏறினோம், மேலே அறுபதில் சீராக உருண்டு போனதில் மைலேஜ் 12-ஐத் தொட்டது. திரும்பும்போது வேண்டுமென்றே கீழே வந்தோம். ஹோப்ஸ் காலேஜ் சிக்னலில் நிற்க நிற்க, 6.4... 6.2... 5.9 என்று கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. "பாக்காதீங்க மச்சான், வயிறு எரியும்" என்று சொல்லிவிட்டுத் திரையை வரைபடத்துக்கு மாற்றிவிட்டார். அதே இன்ஜின், அதே டிரைவர்.

ஹைவேயிலும் அப்படித்தான். இந்த உயரமான உடம்பு காற்றைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். 100-இலிருந்து 130-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் கூடும். சேலம் போய்ச் சேரும் நேரத்தில் மிச்சமாவது இருபது நிமிஷம் பக்கம், அதையும் டோல் வரிசை தின்றுவிடும்.

எத்தனாலைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் அடிப்பீர்கள். ஆமாம், 20 சதவீதக் கலப்பு வந்தபின் மைலேஜ் குறைகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, பழைய வண்டிகளில் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பயந்து 160 ரூபாய் பக்கம் விற்கும் 100 ஆக்டேன் உயர்ரகப் பெட்ரோல் அடிக்கிறேன் என்பவர்கள், விலை அறுபது சதவீதம் கூடியதற்கு மைலேஜ் எத்தனை சதவீதம் கூடியது என்று ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

சரி, எதைத்தான் எடுப்பது? வருஷத்துக்கு 20,000-க்கு மேல், அதுவும் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை என்று ஓடுகிறவர் என்றால் என் ஓட்டு இன்றைக்கும் டீசலுக்கே. எக்ஸ்5 30டி-யில் 286 குதிரைத்திறன்தான், ஆனால் 650 நியூட்டன் மீட்டர் இழுவை. சங்ககிரி பக்கம் லாரியைத் தாண்ட அதைவிட வேறென்ன வேண்டும்? போர்ஷே 2018-இலேயே டீசலைக் கைகழுவிவிட்டது, அது அவர்கள் இஷ்டம். வீட்டிலிருந்து ஃபேக்டரிக்கு நாலு கிலோமீட்டர் மட்டும் போகிறவர் டீசல் எடுக்காதீர்கள். புகை வடிகட்டி சூடாகித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது, சில மாசத்தில் மஞ்சள் விளக்கு எரியும்.

அந்த நாலு கிலோமீட்டர்க்காரருக்கு எலெக்ட்ரிக் நல்லது. ஜிஎஸ்டி 40-க்குப் பதில் 5, சாலை வரிக்கும் தமிழ்நாட்டில் விலக்கு கொடுத்து வருகிறார்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. சத்தம் இல்லையே என்று வருத்தப்படுவார், படட்டும்.

பெட்ரோல்தான் வேண்டும், அந்த ஆறு சிலிண்டர் உறுமலுக்காகத்தான் எடுக்கிறேன் என்றால் தாராளமாக எடுங்கள். ஆசைக்கு எடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை, நானும் அந்த சீட்டில் உட்கார்ந்து பல்லைக் காட்டியவன்தான். ஷோரூமுக்குப் போனால் மைலேஜுக்கு முன்னால் மூணு விஷயம் கேளுங்கள்: நாலு டயரும் மாற்ற என்ன ஆகும், வாரண்டி முடிந்தபின் ஏர் சஸ்பென்ஷனுக்கு என்ன ஏற்பாடு, மூணு வருஷம் கழித்து நீங்களே திருப்பி எடுத்துக்கொள்வதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள். மூணுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராமல் காபி மட்டும் வந்தால், காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அது நன்றாகத்தான் இருக்கும்.