காகிதப்பூ நல்லாத்தான் இருக்கு, ஆனா...

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணினான். டிசம்பரில் கல்யாணம். "மாமா, உங்ககிட்ட நல்ல லென்ஸ் எல்லாம் சும்மாதானே கிடக்கு, ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கு நீங்களே வந்துடுங்களேன்" என்றான். காசு மிச்சம் பிடிக்கிறான் என்று தெரிந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சரி என்றேன். இடம் எங்கே என்று கேட்டால் இங்கே சிங்கப்பூரில், ஹவ்காங்கில் இருக்கும் ஜப்பானியக் கல்லறைப் பூங்கா என்கிறான். காகிதப்பூக் கொடி வளைவு வளைவாகப் படர்ந்திருக்கும் பாதை ஒன்று அங்கே இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் யாரோ போட்டதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு ஆசை வந்துவிட்டதாம். "கல்லறையிலயாடா?" என்றேன். "ஃபோர்ட் கேனிங்ல எல்லாரும் எடுக்கிறாங்களே, அதுவும் கல்லறைதானே மாமா?" என்று ஒரு போடு போட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அதெல்லாம் வேண்டாம்டா" என்று பெரிய மனுஷன் தோரணையில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதை இங்கே கொட்டுகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கல்லறைக்குள் கேமராவே கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அதுவும் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவே முடியாது. இங்கே கல்லறை என்பதே வாடகை வீடு மாதிரிதான். இன்றைக்கும் புதைக்க இடமிருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம் சுவா சூ காங். அங்கேயும் 1998 முதல் கணக்கு 15 வருஷம்தான், அதற்கப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள். பிடாடரி என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குப் அரசாங்கம் கட்டும் புது பிடிஓ அடுக்குமாடி வீடுகள் ஞாபகம் வரும். (மலாயில் பிடாடரி என்றால் தேவகன்னி, நம் வித்யாதரிதான் அப்படி ஆகியிருக்கிறாள்.) அங்கே 1908 முதல் 1972 வரை ஆட்களைப் புதைத்தார்கள். 2001-க்குப் பிறகு தோண்டத் தொடங்கி, கிறிஸ்தவர் பக்கம் ஏறத்தாழ 58,000, முஸ்லிம் பக்கம் ஏறத்தாழ 68,000 கல்லறைகளை எடுத்தார்கள்.

அந்த 58,000-இல் ஒன்று என் அப்பாயியுடையது. 1958-இல் போனவர், நான் பார்த்ததில்லை. எலும்பை எடுத்து எரித்துச் சாம்பலை மாடத்தில் வைத்தாயிற்று. மாடத்துப் பலகையில் பெயரும் இரண்டு தேதியும் மட்டும்தான். பழைய கல் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அப்பா எங்கிருந்தோ கேமரா கடன் வாங்கிக்கொண்டு போய் எடுத்தது. சூரியன் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது, அப்பாவின் நிழல், தலையும் இரண்டு முழங்கையும், கல்லின் அடிப்பகுதியில் விழுந்திருக்கிறது. அதையும் மீறி எழுத்து தெளிவாகத் தெரிகிறது: பெயர், "நித்திரையடைந்தார்", அதற்குக் கீழே தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தின் பெயர். நாங்கள் எல்லாரும் அப்பாயிக்குக் கும்பகோணம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கும்பகோணம் இல்லை, பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். அந்தப் படம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த ஊர்ப் பெயர் தெரிந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன், கல்லை எடுங்கள். நிறைய எடுங்கள். புக்கிட் பிரவுன் என்ற பழைய சீனக் கல்லறைத் தோட்டம் வழியாக நெடுஞ்சாலை போடப் போகிறார்கள் என்று 2011-இல் தெரிந்ததும் தன்னார்வலர்களும் ஆய்வாளர்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கொசுக்கடியில் நின்று கல் கல்லாகப் படம் எடுத்தார்கள். யார் வீட்டுத் தாத்தாவோ, யார் வீட்டுப் பாட்டியோ. அது பெரிய தொண்டு.

அப்படியென்றால் எது இடிக்கிறது? என் சொந்தக் கதையையே சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும்.

அதே சமயத்தில் நானும் ஒரு டெலி லென்ஸ் வாங்கிய ஜோரில் புக்கிட் பிரவுனுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே கல்லறைகளுக்குக் காவலாக நிற்கும் சீக்கியக் காவலாளி சிலைகளை எல்லாம் எடுத்துத் தள்ளினேன். ஒரு ஏப்ரல் காலை, சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்கும் சிங் மிங் சமயம். சரிவில் ஒரு சீனப் பாட்டி தனியாக. புல்லைக் கையால் பிடுங்கிவிட்டு, கல்லறை மேட்டின் மேல் கலர் தாள்களை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு கல். அப்புறம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ஜெபம் மாதிரி இல்லை, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, நடுவில் சிரிப்பு வேறு. நான் தூரத்து மரத்துக்குப் பின்னால் இருந்து எடுத்தேன். நல்ல படம், இப்போதும் சொல்வேன், நல்ல படம். அன்றிரவே போட்டுவிட்டேன், லைக் குவிந்தது. மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு பெண், "அது என் பாட்டி. தயவுசெய்து எடுத்துவிட முடியுமா?" என்று எழுதியிருந்தாள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாதம் பண்ணினேன். பொது இடம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், முகம்கூட பாதிதான் தெரிகிறது என்று மூன்று பத்தி எழுதினேன். அவள் பதில் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து என் மனைவி அந்தப் பதிவைப் படித்துவிட்டு, "உங்கம்மா கல்லறையில நீங்க என்ன பேசுறீங்கன்னு யாராச்சும் எடுத்துப் போட்டா சும்மா இருப்பீங்களா?" என்றாள். அப்புறம்தான் அழித்தேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

சட்டம் என் பக்கம்தான் இருந்தது, அதுதான் இதில் வேடிக்கை. 2012-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்கூட நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும், சொந்த ஆசைக்குப் படம் எடுக்கிறவனை ஒன்றும் செய்யாது. யாரும் உங்களைப் பிடித்து அபராதம் போடப் போவதில்லை. அபராதம் இருந்தால்தான் ஒழுங்காக இருப்போம் என்பது நம் ஊரில் ஒரு வியாதி.

வெளியாள் மட்டும் இல்லை, சொந்தக்காரனும் தப்புப் பண்ணுவான். சில வருஷத்துக்கு முன் சித்தப்பாவின் கல்லறையைத் தோண்டும் முறை வந்தது. குடும்பமாக சுவா சூ காங் போனோம். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று நிறுத்தி, மண் அப்பிய எதையோ சித்தியிடம் நீட்டினார். சித்தப்பாவின் கையில் சுற்றி அனுப்பிய ஜெபமாலை. நூல் மக்கிப்போய்விட்டது, கறுப்பு பிளாஸ்டிக் மணிகள் மட்டும் பத்துப் பன்னிரண்டு. சித்தி கைக்குட்டையை விரித்து வாங்கிக்கொண்டார், அழவில்லை, ஒவ்வொரு மணியாக விரலால் துடைத்தார். தலையை நிமிர்த்தினால், சித்தியின் மூத்த பேரன் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். கெட்ட பையன் இல்லை, ஞாபகத்துக்கு வேண்டும் என்றுதான் எடுத்திருப்பான். சித்தி சத்தமே போடாமல், "அதை அழிச்சிடுய்யா, தாத்தா அப்படி இருந்தவர் இல்ல" என்றார். அவன் அங்கேயே அழித்தான், சமீபத்தில் அழித்தவை என்ற ஃபோல்டருக்குள்ளும் போய் அழித்துக் காட்டினான். எனக்கு அந்தப் பையன் மேல் மரியாதை கூடிவிட்டது. நான் மூன்று பத்தி எழுதியவன் ஆயிற்றே.

அதே போன், அதே வீடியோ, இன்னொரு இடத்தில் தேவைப்படும். 2020 சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனா ஊரடங்கு சமயத்தில் சாவு வீட்டில் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது, விமானமும் கிடையாது. மண்டாய் தகனச்சாலையில் பார்வையாளர் கூடத்துக் கண்ணாடி வழியாகப் பெட்டி போவதை வாட்ஸ்அப்பில் ஊருக்குக் காட்டாத குடும்பம் அந்த வருஷம் குறைவு. வேலைக்கு வந்த தம்பிமார் யாராவது இறந்தால் ஊரில் இருக்கும் தாய்க்குப் போய்ச் சேரும் முதல் முகம் போனில்தான். அதைப் பார்த்து "சாவுலயும் வீடியோவா" என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நம் ஊர்களில் ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, பிணத்தை நாற்காலியில் சார்த்தி உட்கார வைத்து, பேரன் பேத்தி எல்லாம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்ட ஜனம்தானே நாம். வர முடியாதவருக்காக எடுப்பது வேறு, வராமலே இருந்தும் ஒன்றும் ஆகியிருக்காத நானூறு பேருக்காக எடுப்பது வேறு. வீடியோ காலில் காட்டினீர்கள், சரி. அதையே ஸ்டேட்டஸில் ஏன் வைக்கிறீர்கள்?

எங்கள் புளோக்கில் கீழ்வீட்டு பாயிடம் இதைப் பேசினேன். அவருக்கு மீசான் கல்லை, அதாவது முஸ்லிம் கல்லறையில் நடும் கல்லைப் படம் எடுப்பது ஒரு பிரச்சினையே இல்லை. "எடுத்துக்கிட்டே பின்னாடி நடக்கிறீங்க பாருங்க, அதான் பயம். கபுறு மேல கால் பட்டுரும்" என்றார். நூற்றுக்கு நூறு. நல்ல ஃபிரேம் கிடைக்க ஒரு அடி பின்னால், இன்னொரு அடி பின்னால் என்று போவோம், பின்னால் யார் படுத்திருக்கிறார் என்று பார்க்க மாட்டோம். மண் போடும்போதும் துஆ ஓதும்போதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்பதையும் அவரே சொன்னார்.

எடுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கைப்பழக்கமும் சொல்லிவிடுகிறேன். எழுத்து மங்கிய கல்லில் சாக்பீஸைத் தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், ஷேவிங் கிரீம் பூசுகிற கொடுமையெல்லாம் வேண்டவே வேண்டாம், கல் அரித்துப்போகும். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும்போது போனால் பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து தானாக எழும்பும். வெயில் இல்லையா, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். முழுக் கல்லை ஒன்று, எழுத்தைக் கிட்டத்தில் ஒன்று, கல்லறை எண் தெரிகிற மாதிரி ஒன்று. பின்னால் தேடி வருகிறவருக்கு மூன்றாவதுதான் உதவும். பூ, மெழுகுவத்தி, ஆரஞ்சு, எதையும் அழகுக்காக நகர்த்தாதீர்கள். சீனக் கல்லறையின் முன்னால் மேசை மாதிரி ஒரு கல் திட்டு இருக்கும், கேமராப் பை வைக்க அளவெடுத்துச் செய்தது போலவே இருக்கும், நானே வைத்திருக்கிறேன். அது படையல் வைக்கிற இடம். பக்கத்தில் சின்னதாக இருப்பது மண் தெய்வத்தின் கல், அதன் மேல் ட்ரைபாட் காலை ஊன்றாதீர்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி வெளிச்சம் அள்ளும்தான். உங்கள் வீட்டுக் கல்லறையை எடுங்கள், அடுத்த வரிசையில் நிற்கிறவர் ஃபிரேமுக்குள் வந்தால் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள்.

கிராஞ்சி போர் நினைவிடத்தில் வெள்ளைக் கற்களுக்கு நடுவே குதித்து ரீல் எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நினைவிடத்துக்குப் பின்னால், தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் இந்தியப் படைக்காரர்கள். அந்தப் பக்கம் கூட்டமே இருப்பதில்லை. கேமராவோடு போகிறவர்கள் அங்கே போய் ஒரு பெயரையாவது எடுத்து வாருங்கள்.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மறுபடியும் பேசினேன். ஃபோர்ட் கேனிங்கில் கடைசியாகப் புதைத்தது 1865 வாக்கில். கற்களைப் பெயர்த்துச் சுவரில் பதித்துவிட்டார்கள், நடுவில் இருப்பது புல்வெளி, அங்கே கச்சேரியே நடக்கிறது. அழுதுகொண்டு வருகிறவர் யாரும் இல்லை. அங்கே கல்யாண ஜோடி நிற்பதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, சுவரில் சாய்ந்து கல்லின் மேல் ஹீல்ஸ் வைக்காமல் இருந்தால் போதும் என்றேன். ஜப்பானியக் கல்லறை அப்படியில்லை. அங்கே 910 கல்லறைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1891-இல் அதைத் தொடங்கியதே ஒரு விபசார விடுதிக்காரர் கொடுத்த நிலத்தில்தான். ஜப்பானின் ஏழைக் கிராமங்களிலிருந்து இந்தத் தொழிலுக்காகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட பெண்கள் செத்தால் புதைக்க இடம் வேண்டியிருந்தது. அந்தக் காகிதப்பூவைத் தாண்டிப் போனால் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள் வரிசையாக நிற்கும், அவை அவர்களுடையவை. கல்யாணம் என்ற ஒன்றைப் பார்க்காமலே போன பெண்களின் முன்னால் இவள் வெள்ளை கவுனில் சுற்றிச் சுற்றி ஆடுவதை என்னால் எடுக்க முடியாது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா" என்றான். நியாயம்தான்.

ஈஸ்ட் கோஸ்ட் என்று முடிவாகியிருக்கிறது. காலை ஆறரைக்குக் கடற்கரையில் இருக்கணுமாம். என் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.