ஒரு கோட்டுக்கு என்ன கேடு?

பெயர் என்பது அம்மா அப்பா வைத்தது. அதை எப்படி எழுதுவது என்று அரசாங்கம் சொன்னால் கோபம் வராதா? லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் என் தோழி ஒருத்தி போலிஷ்காரி. பல தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருக்கும் குடும்பம். தாத்தா கல்லறையில் பெயர் 'டபிள்யூ'வில் தொடங்குகிறது, இவள் பாஸ்போர்ட்டில் 'வி'. காரணம், லிதுவேனிய நெடுங்கணக்கின் 32 எழுத்துகளில் கியூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் கிடையாது.

இதே சிக்கலில் மாட்டிய ஒரு தம்பதியின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2011-ல் தீர்ப்பும் வந்தது. அந்தத் தம்பதியின் திருமணச் சான்றிதழிலேயே கணவர் பெயரில் டபிள்யூ, மனைவி பெயரில் அதே இடத்தில் வி! குழந்தையோடு விமான நிலையத்தில் நின்றால் ஒரே குடும்பம் என்று யார் நம்புவார்கள்?

சரி, 2022 மே முதல் அந்த மூன்று எழுத்துக்கும் சட்டம் வழிவிட்டது. என் தோழியும் மனு போட்டாள், டபிள்யூ கிடைத்தது. அப்புறம் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று எல்லாவற்றையும் மாற்ற அலைந்தாள். ஆனால் அவள் பெயர் நடுவில் வரும் 'எல்'லின் குறுக்கே ஒரு சின்னக் கோடு உண்டு. அதற்கு அந்தச் சட்டம் அனுமதி தரவில்லை. லிதுவேனிய எழுத்துகளின் தலையில் கொக்கி இருக்கலாம், காலடியில் வால் இருக்கலாம், போலிஷ் கோடு மட்டும் ஆகாதாம். எனக்குக் கொஞ்சமும் மனசு ஆறவில்லை. புது அட்டை வந்த அன்று, அந்த எல் எழுத்தின் மேல் அவள் நகத்தால் கோடு இழுத்துப் பார்த்தாள்.