செகிரோ ஆட டார்க் சோல்ஸ் அனுபவம் தேவையில்லை

"டார்க் சோல்ஸ் ஆடி முடிக்காதவர்கள் செகிரோ பக்கமே போகாதீர்கள்" என்று இந்த இரண்டு வீடியோ கேம்களைப் பற்றி ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. இரண்டும் ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்புதான், ஆனால் சண்டை போடும் முறையே வேறு. டார்க் சோல்ஸில் உருண்டு தப்பிக்கப் பழகிய விரல்கள்தான் 2019இல் வந்த செகிரோவில் காலை வாரிவிடும். இங்கே விலகி ஓடினால், தடுமாறும் நிலைக்கு வந்த எதிரி மூச்சு வாங்கி மறுபடி நிமிர்ந்துவிடுவான். ஒட்டி நின்று, அவன் வாள் நம்மேல் விழும் அதே நொடியில் தடுப்புப் பட்டனை அழுத்த வேண்டும். நேரம் சரியாக அமைந்தால் கணீரென்று சத்தம் கேட்கும், பொறி பெரிதாகப் பறக்கும். இந்தத் தாளத்தைப் புதிதாக வருபவரும் முதலிலிருந்து கற்கிறார், பழையவரும் முதலிலிருந்துதான் கற்கிறார்.

செகிரோவில் ஸ்டாமினா, அதாவது அடிக்கும்போதும் உருளும்போதும் குறையும் தெம்பு, எவ்வளவு மிச்சம் என்று கணக்கு பார்க்க வேண்டியதில்லை. கையில் எப்போதும் அதே வாள்தான், அதனால் எந்த ஆயுதம் நல்லது என்ற குழப்பமும் இல்லை.

ஈஸி மோட் கிடையாது என்பது உண்மைதான், அதை மறைக்கவில்லை. கெனிச்சிரோ என்ற பெரிய எதிரியிடம் எனக்கு இரண்டு இரவுகள் போயின. ஆனால் ஆட்டத்தில் வரும் பாழடைந்த கோயிலுக்கு வெளியே, நாம் சண்டை பழகுவதற்கென்றே ஹன்பெய் என்பவன் நிற்கிறான், அவனுக்குச் சாவே கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவனோடு மோதிப் பழகலாம், தோற்றாலும் எதையும் இழக்க மாட்டீர்கள். பலர் அவனைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். முதல் நாள் அரை மணி நேரம் அவனோடு செலவழியுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.