மூன்று படி அரிசியும் ஒரு மேடை வாக்கியமும்

மேடைப் பேச்சு என்றாலே நம் ஆட்களுக்கு அடுக்குமொழிதான் நினைவுக்கு வரும். "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை" என்று அண்ணா சொன்னதாக இன்றும் ஒப்பிக்கிறார்கள். தூங்கி விழும் கூட்டத்தை நிமிர்த்த அது போதும். ஆனால் அதைக் கேட்டு எவரும் கட்சி மாறியிருக்க மாட்டார்கள். ஆளை அசைத்தது 1967 தேர்தலில் அவர் சொன்ன இன்னொன்று: "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்."

அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். மெட்ரிக் அளவு சட்டமாகிவிட்டது; ஆனாலும் கிலோ என்று சொல்லவில்லை, அரிசிப் பானைக்குள் கிடக்கும் படியைச் சொன்னார். கேட்கிற பெண் மனக்கணக்குப் போட வேண்டியதே இல்லை. அடுத்து, "மூன்று படி எப்படி முடியும்?" என்று எதிரணி கேட்கும் முன்பே பதில் அதே வாக்கியத்தில் இருக்கிறது: அது லட்சியம்தான், வாக்குறுதி ஒரு படி.

மூன்றாவது விஷயத்தைப் பேச்சாளர்களே கவனிப்பதில்லை. அந்த வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை; "நிச்சயம்" என்ற சொல்லிலேயே முடிகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். "செய்வோம்" என்கிறாரா "செய்ய மாட்டோம்" என்கிறாரா என்பது வாக்கியம் முடிந்தால்தான் தெரியும். நடுவில் எதுகை விழுந்து கூட்டம் கைதட்டினால் அந்த வினை கைதட்டலில் அமுங்கிப்போகும். அதனால் அடி விழ வேண்டிய சொல்லைக் கடைசியில் வைத்து, அதற்கு முன்னால் கைதட்டுக்கு இடமே தராமல் கொண்டுபோக வேண்டும்.

(ஆட்சிக்கு வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. நிதி இடம் கொடுக்காததால் மாநிலம் முழுக்கப் போகவில்லை. கஜானாவிடம் பேச்சு எடுபடாது.)

அந்தத் தேர்தலுக்கு முன்பே, 1962ல் மாநிலங்களவைக்குப் போனபோதும் அண்ணாவின் முறை அதேதான். அதிகம் பேர் பேசுவதால் இந்திதான் ஆட்சிமொழி என்றால், அதிகம் இருக்கும் காக்கையைத் தேசியப் பறவையாக்காமல் மயிலை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டார். எதிராளியின் அளவுகோலையே வாங்கி, அன்று காலை எல்லோரும் பார்த்த ஒரு பறவைமேல் வைத்துக் காட்டினார்.

அடுக்குமொழியே தெரியாத காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். பெரியார் மணிக்கணக்கில் பேச்சு வழக்கிலேயே பேசி, நான் சொன்னதால் நம்பாதே, யோசித்துப் பார் என்றார். கேட்பவனைச் சமமாக நடத்தும் அந்த ஒரு பேச்சுக்கு ஆயிரம் மோனை ஈடாகாது.

இனி குழாய் ஸ்பீக்கர் விவகாரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். தெருவில் 100 மீட்டருக்கு ஒரு குழாய் கட்டியிருந்தால், இரண்டாவது குழாயடியில் நிற்பவருக்கு முதல் குழாயின் சத்தம் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாக வந்து மோதும். அதற்குள் ஓரிரண்டு அசை கடந்துவிடும். படபடவென்று பேசினால் முன்வரிசைக்கு வீரம், பின்வரிசைக்கு வெறும் இரைச்சல். பழைய பேச்சாளர்களின் இழுப்பை நாம் கிண்டல் செய்கிறோம். மைதானத்தில் அந்த இழுப்புதான் சொல்லைக் காப்பாற்றும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு முழு நொடி வாயை மூடினால் போதும். புதியவர்களுக்கு அந்த ஒரு நொடிதான் பயம். "வந்து", "ஆகவே" போட்டு நிரப்பிவிடுகிறார்கள்.

துண்டுச்சீட்டு வைத்திருப்பது குற்றமில்லை. எண்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும்போது கண் தாளில் இருக்கக் கூடாது.

நேரத்தைக் கொல்வது, மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும் விளிப்பு. மேடையில் 40 பேர், ஒருவருக்குப் பதவியோடு 5 நொடி என்றாலும் 200 நொடி. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும். 9.40க்கு மேடையேறும் தலைவர் மூன்று நிமிடத்துக்கு மேல் அதிலேயே தொலைக்கிறார். ஒரு பெயர் விட்டுப்போனால் ஒன்றியச் செயலாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். அந்தப் பட்டியலை வரவேற்புரை சொல்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.