பிள்ளை பெறச் சொல்பவர்கள் முதலில் ஆயாக்கொட்டகைக்கு வழி சொல்லட்டும்

மலேசியாவில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரே ஆள் இரண்டு செய்திகளைப் போட்டிருந்தார். காலையில் வந்தது: உலகத்தில் ஜனம் பெருத்துவிட்டது, சீனா மாதிரி சட்டம் போட்டால்தான் உருப்படும். சாயங்காலம் வந்தது: நம் இனம் சுருங்குகிறது, இளம் தம்பதிகள் மூன்றுக்குக் குறையாமல் பெற வேண்டும். இரண்டுக்கும் அதே ஆட்கள் கும்பிடு போட்டிருந்தார்கள். பெற்று வளர்க்கப்போகிற பெண்கள் குழுவில் பாதிப் பேர். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது உண்மை. ஆனால் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு ஜனப்பெருக்கத்துக்குப் பயப்படத் தனித் திறமை வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியில் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் மூன்றே பிள்ளைகள். நாடு முழுக்க 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 பிள்ளைதான். நம் இந்தியப் பெண்களுக்கு அது ஒன்றைச் சற்றே தாண்டி நிற்கிறது. மக்கள்தொகை குறையாமல் இருக்கவே 2.1 வேண்டும் என்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு.

அரசாங்கங்கள் இந்த விஷயத்தில் கைவைத்த கதைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை செய்தார்கள். ஆள் பிடித்துக் கொடு என்று ஆசிரியர்களுக்கெல்லாம் இலக்கு வைத்தார்கள். 1977 தேர்தலில் ஜனம் அதற்குப் பதில் சொன்னது. சிங்கப்பூர் எழுபதுகளில் ‘இரண்டோடு நிறுத்து’ என்றது. மூன்றாவது பிள்ளை என்றால் பிரசவக் கட்டணம் கூடும், பள்ளி இடத்தில் பின்னுக்குத் தள்ளுவார்கள். 1987இல் அதே அரசு, வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்று திரும்பியது. போனஸ் கொடுத்துப் பார்த்தது, வரிச்சலுகை கொடுத்துப் பார்த்தது. 2023இல் அங்கே சராசரி ஒன்றுக்கும் கீழே, 0.97. காலைச் செய்தியில் வந்த அந்தச் சீனா, ஒரே பிள்ளைச் சட்டத்தை 2016இல் கைவிட்டு, 2021இல் மூன்று வரை பெறலாம் என்று சொல்லிவிட்டது. 2022 முதல் அங்கே ஜனத்தொகை குறைகிறது.

நம் நாடும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்த நாடுதான். 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றே வாரியம் அமைத்தார்கள். 1982இல் அப்போதைய பிரதமர் மகாதீர், இந்த நாட்டுக்கு 7 கோடிப் பேர் வேண்டும் என்றார். அப்போது மொத்தமே ஒன்றரைக் கோடிகூட இல்லை. 1984இல் அது கொள்கையானது, 2100 வரை கெடு. வாரியத்தின் பெயரில் மக்கள்தொகையும் குடும்ப மேம்பாடும் வந்து உட்கார்ந்தன. இத்தனைக்கும் பிறகு பிள்ளைப்பேறு ஏறியதா? இறங்கியபடியேதான் இருந்தது. பெண்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போனார்கள், ஃபேக்டரிக்குப் போனார்கள், பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

என் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு. 1957இல் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபத்தைந்து பேர் ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை. பாட்டி எந்த அரசின் பேச்சையும் கேட்டு நிறைய பெறவில்லை. அம்மாவும் எந்தச் சுவரொட்டியைப் பார்த்தும் நாலோடு நிறுத்தவில்லை. தோட்டத்து டிரசரிடம் (மருத்துவ உதவியாளரிடம்) கருத்தடை மாத்திரை கிடைத்தது, வாங்கிக்கொண்டார். அப்பாவுக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குள் வைத்திருந்ததாகப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்.

நாலை வளர்க்க முடிந்ததற்குக் காரணம் ஆயாக்கொட்டகை, தாய்மார்கள் வேலைக்குப் போனபோது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம். இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். விடியுமுன்னே பெரட்டு, அதாவது வேலையாட்களைப் பேர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. அம்மா இருட்டில் தங்கச்சியைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் விடுவார். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஆயா ஒரு காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே கையால் இன்னொன்றுக்குப் பால் கலக்குவார். ரப்பர் மரம் வெட்டி முடித்த தாய்மார்கள், ரப்பர்ப்பால் எடுக்கப் போகுமுன் கிடைக்கிற இடைவெளியில் ஓடிவந்து பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். ரப்பர்ப்பால் வாடை சட்டையில் அப்படியே இருக்கும். சுத்தம் குறைவுதான், ஆயாவுக்குக் கோபம் வந்தால் அடியும் உண்டு. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். தோட்ட நிர்வாகம் அன்பால் கட்டியதும் இல்லை, பெண்களின் கை வேலைக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் அது இருந்தது, காசு கேட்கவில்லை.

இப்போது? குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). என் அக்கா மகள் ஈப்போவுக்கு ஃபேக்டரி பஸ் ஏறுகிறாள். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாதம் ஐந்நூறு வெள்ளி கொடுக்கிறாள். பால்மாவும் பேம்பர்ஸும் தனி. இரண்டாவது பிறந்தால் அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். இதில் மூன்றாவதைப் பெறச் சொல்கிறவரைக் கண்டால் அவள் என்ன சொல்வாள் என்பதை இங்கே எழுத முடியாது.

பார்த்துக்கொள்கிறவர்களையும் குறை சொல்ல வழியில்லை. 1984 குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற மையத்தில் ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு ஆள் வேண்டும். சரியான விதி. ஆனால் அந்த ஆளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் அல்லவா? ஆக, கட்டணம் குறையாது. மிச்சத்தை அரசு போடாவிட்டால் தாய் வீட்டில் உட்காருவாள், இல்லை பிள்ளையைத் தள்ளிப்போடுவாள். 2023 முதல் பிரசவ விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக்கினார்கள். நல்லது. 99ஆம் நாள் குழந்தையை எங்கே விடுவது?

கோப்பிக்கடையில் இன்னொரு பேச்சு ஓடும்: ‘வெளிநாட்டுக்காரன் பெருகிட்டான்.’ தோட்ட வேலைக்கு வந்த அந்த வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்களைப் பாருங்கள். மனைவி மக்களைக் கூட்டிவர அனுமதி இல்லை, இங்கே கல்யாணம் செய்யவும் அனுமதி இல்லை. வேலைக்கு வரும் பெண் மருத்துவச் சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். நம் தாத்தா பாட்டியைக் குடும்பமாக வைத்துக்கொள்ள நினைத்த தோட்டம் இப்போது கையை மட்டும் வாடகைக்கு எடுக்கிறது. 1923 தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று இருந்தது. இன்று தோட்டத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு எங்கே போவது?

‘இனம் சுருங்குகிறது’ என்று மேடையில் பேசுகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் கவலை பொய் இல்லை. மாணவர் குறைந்த பள்ளிகளின் நிலைமை எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் தீர்வு என்று வரும்போது ஏன் எப்போதும் பெண்ணின் வயிற்றையே பார்க்கிறார்கள்? கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க ஒரே மாதத்தில் வசூல் சேர்கிற ஊர் இது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஏன் யாரும் முன்வருவதில்லை?

சரி, நான் கேட்பது இதுதான். எங்கள் வட்டாரத்துப் பொது மண்டபம் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டிக்கிடக்கிறது. சனி ஞாயிறு கல்யாணம், மற்ற நாள் புறா. கழிவறை உண்டு, சமையலறை உண்டு, விசிறி ஓடுகிறது. அங்கே முறைப்படி பதிவு செய்த ஒரு குழந்தைப் பராமரிப்பு மையம் நடத்தலாம். பயிற்சி எடுக்க முன்வருகிற அக்காமார் மூன்று பேரிடம் பேசிவிட்டேன். மனு எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. ஞாயிறு காலைச் சந்தையில் மீன் கடைக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வாட்ஸ்அப்பில் கும்பிடு போட்டவர்கள் பேனாவோடு வாருங்கள், அடையாள அட்டையையும் மறக்காதீர்கள்.